மஞ்சள் நோட்டீஸ் எந்தக் கடனைத் தீர்க்கும்?

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் 'அவர் ஐ.பி. கொடுத்துட்டாராம்' என்று ஒரு பேச்சு கிளம்பினால், அன்று மாலையே கடைவீதியில் பலர் புரோநோட்டுகளைத் தேடி எடுத்துப் பார்ப்பார்கள். சில நாட்களில் நீதிமன்ற அறிவிப்பு வீடு தேடி வரும். ஊரார் அதை மஞ்சள் நோட்டீஸ் என்பார்கள், இன்னும் பேச்சுவழக்கில் மஞ்சக் கடுதாசி. அது கைக்கு வந்ததும் கொடுத்த பணம் போயேபோச்சு என்று கொடுத்தவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறார். வாங்கியவரும் பாரம் இறங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். இருவர் நினைப்பும் சட்டப்படி தவறு. ஐ.பி. (இன்சால்வன்சி பெட்டிஷன்) என்பது வெறும் நொடிப்பு மனு. மனுவால் ஒரு ரூபாய்க் கடன்கூட அழிவதில்லை. கடனிலிருந்து ஒருவரை விடுவிக்கும் உத்தரவு வேறு. அது தானாக வருவதில்லை. வந்தாலும் எல்லாக் கடனையும் தொடுவதில்லை.

தனிநபர் நொடிப்புக்கு இந்தியாவில் இன்றும் புழக்கத்தில் இருப்பவை வெள்ளைக்காரர் காலத்துச் சட்டங்கள்தான். சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர நொடிப்புச் சட்டம். மற்ற இடங்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். 1909க்கு முன்னால் இந்த மூன்று நகரங்களிலும் 1848ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தது. சென்னையில் அதற்கு வந்த பெரிய சோதனை 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்ததுதான். ஓய்வூதியக்காரர்கள் முதல் ஜமீன்தார்கள் வரை அதில் பணம் போட்டிருந்தார்கள். கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னிற்க, அடுத்த ஆண்டே இந்தியன் வங்கி உருவானது. நொடிப்பு என்றாலே மோசடிதான் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியதில் இதுபோன்ற சம்பவங்களுக்குப் பங்கு உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நேர்மையாகத் தோற்றவரையும் ஏமாற்றியவரையும் பிரித்துப் பார்ப்பதுதான் அதன் பாதி வேலை.

மாவட்டங்களில் இந்த மனுக்கள் பெரும்பாலும் சப்கோர்ட்டுக்குப் போகின்றன. 500 ரூபாய் கடன் இருந்து, அதை அடைக்க வழியில்லை என்றால் மனுப் போடலாம். 1920இல் வைத்த தொகை அது, இன்றுவரை மாறவில்லை. நீதிமன்ற டிகிரி (தீர்ப்பாணை) கடனுக்காகக் கைதானவரும், சொத்து ஜப்தியில் இருப்பவரும்கூடப் போடலாம். உண்மையில் பல மனுக்கள் பிறக்குமிடம் அந்தக் கைதுதான். கடன் கொடுத்தவர் டிகிரி வாங்கி, நிறைவேற்று மனுப் போட்டு, அமீனா வாரண்டோடு வாசலில் நிற்கும்போது பலருக்கு நொடிப்புச் சட்டம் ஞாபகம் வருகிறது. ஞாபகம் வராதவருக்கு எடுத்துச் சொல்லவும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதன் 55ஆம் பிரிவின்படி, பிடித்துவரப்பட்ட கடனாளியிடம் 'நீ நொடிப்பு மனுப் போடலாம்' என்று நீதிமன்றமே தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் போடுகிறேன் என்று அவர் பிணை கொடுத்தால் விடுவிக்கலாம்.

கடனுக்காகச் சிறை என்பது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிகிரிக்கு மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்க இன்னும் வழியுண்டு. உள்ளே இருப்பவரின் சாப்பாட்டுச் செலவைக் கடன் கொடுத்தவரே கட்ட வேண்டும் என்பதால் பலர் அந்த அளவுக்குப் போவதில்லை. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், கொடுக்க வசதி இருந்தும் கொடுக்காத கெட்ட எண்ணத்தைக் காட்டாமல், வெறும் இயலாமைக்காக ஒருவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்தார். சிறையில் கழித்த நாட்களால் கடன் தீராது என்பதையும் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது.

மனுவை விசாரித்து, 'இவர் நொடித்தவர்' என்று நீதிமன்றம் அறிவிப்பது முதல் உத்தரவு. அந்த நிமிடத்தில் அவருடைய சொத்து முழுவதும், நீதிமன்றத்தின் சார்பில் அதை நிர்வகிக்கும் அபிஷியல் ரிசீவரின் பொறுப்புக்குப் போகிறது. கணக்குக்கு மனுப் போட்ட தேதியே தொடக்கம். நீதிமன்ற அனுமதி இல்லாமல், கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் உள்ள எவரும் தனியாக வழக்குப் போட முடியாது. கைதிலிருந்து காப்பு கேட்டுத் தனியாகப் பெறலாம். வீட்டில் எல்லாமே போய்விடுவதும் இல்லை. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞனின் கருவிகள், விவசாயியின் ஏரும் மாடும் விதைநெல்லும் அவர் குடியிருக்கும் வீடும், மதவழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத ஆபரணமும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. ரிசீவராலும் தாலியைக் கேட்க முடியாது.

இரண்டாவது உத்தரவின் பெயர் விடுவிப்பு. கடன் தீர்வது அப்போதுதான். எந்தக் கடன்கள் என்பதைப் பார்க்க, ஒரு பட்டியலைக் கற்பனை செய்துகொள்வோம். பள்ளிபாளையத்தில் எட்டு விசைத்தறி ஓட்டும் ஒருவர். நூல் கடையில் 4 லட்சம் பாக்கி. வங்கியில் தறிகளின் பேரில் 6 லட்சம். நகைக்கடன் 2 லட்சம். மூன்று பேரிடம் புரோநோட்டில் 5 லட்சம். கிரெடிட் கார்டும் செல்போன் செயலிக் கடனும் சேர்ந்து 1.5 லட்சம். சீட்டு எடுத்துவிட்டுக் கட்டாத தவணைகள். ஜி.எஸ்.டி. பாக்கி. மகளின் கல்விக் கடனில் கூட்டுக் கையெழுத்து. பிரிந்து வாழும் மனைவிக்கு மாதாமாதம் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் போட்ட ஜீவனாம்சம். மச்சானிடம் கைமாற்று. இரண்டு மாதமாக ஆட்களுக்குக் கூலி பாக்கி.

நூல் கடை பாக்கி, கார்டு, செயலிக் கடன், கைமாற்று எல்லாம் ஈடில்லாத சாதாரணக் கடன்கள். விடுவிப்பு உத்தரவு வந்தால் இவை தீர்ந்துவிடும். எழுத்தில் இல்லாத கைமாற்றும் கடன்தான். மச்சான் அதை நிரூபித்தால் பங்கு கேட்கலாம். புரோநோட்டு விஷயம் கொஞ்சம் சிக்கலானது. நம் ஊர்களில் வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, வட்டியும் வட்டிக்கு வட்டியும் சேர்த்துப் பிறகு தொகையை நிரப்புவது சகஜம். கையில் வாங்கியது ஒன்று, நோட்டில் இருப்பது இன்னொன்று. நொடிப்பு நீதிமன்றம் நோட்டில் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை; டிகிரியே ஆகியிருந்தாலும் அதற்குப் பின்னால் உண்மையில் கைமாறிய பணம் எவ்வளவு என்று பார்க்க அதற்கு அதிகாரமுண்டு. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தனிச் சட்டம் வந்தது எல்லோருக்கும் தெரியும். இந்தப் பழைய வழி அவ்வளவாகத் தெரிவதில்லை.

வங்கியின் தறிக் கடனும் நகைக்கடனும் வேறு இனம். ஈடு வைத்த பொருளின் மேல் கடன் கொடுத்தவருக்கு உள்ள உரிமையை நொடிப்பு அசைப்பதில்லை. வங்கி தறிகளை எடுத்து விற்கலாம். அடகில் உள்ள நகை ஏலத்துக்குப் போகலாம். விற்றும் பற்றாமல் மீதி நின்றால், அந்த மீதி மட்டும் சாதாரணக் கடனாகப் பட்டியலில் சேரும், விடுவிப்பில் தீரும். 'ஐ.பி. கொடுத்தா பேங்க்காரன் வீட்டுப் பக்கம் வரமாட்டான்' என்பதை நம்பி வீட்டை அடமானத்தில் இழந்தவர்கள் உண்டு.

அடுத்து, எந்த விடுவிப்பாலும் தீராத கடன்கள். 1920 சட்டத்தின் 44ஆம் பிரிவு நான்கைச் சொல்கிறது. முதலாவது, அரசுக்குச் சேர வேண்டியது. நம் தறிக்காரரின் ஜி.எஸ்.டி. பாக்கி அப்படியே நிற்கும். அரசுடைமை வங்கியின் கடனை இதில் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வங்கி தனிச் சட்ட நபர், அது அரசு ஆகாது. இரண்டாவது, மோசடி செய்தோ நம்பிக்கைத் துரோகம் செய்தோ உண்டாக்கிய கடன். மூன்றாவது, ஏமாற்றி அவகாசம் வாங்கிய கடன். கொடுத்தவர் வழக்குப் போடக் கிளம்பும் நேரத்தில் போலிப் பத்திரத்தைக் காட்டி ஆறு மாதம் தள்ளிப்போட வைத்தது போன்றவை. நான்காவது, மனைவி மக்களுக்கான ஜீவனாம்ச உத்தரவு. சட்டம் இதற்கு 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவைக் குறிப்பிடுகிறது. அது 1973இல் 125ஆம் பிரிவாகி, இப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாக நிற்கிறது. எண்கள் மாறினாலும் சோறு போடும் கடமை மாறவில்லை.

இந்த நான்குக்கு வெளியேயும் சில உண்டு. தறிக்காரர் காப்பீடு இல்லாத வண்டியில் போய் ஒருவரை இடித்துவிட்டார், இழப்பீடு இன்னும் தீர்மானமாகவில்லை என்றால், அந்தக் கோரிக்கை நொடிப்புப் பட்டியலுக்குள் நுழையவே முடியாது. நுழையாதது தீரவும் தீராது. நொடித்தவர் என்று அறிவித்த பிறகு புதிதாக வாங்கும் கடனும் அப்படியே. கொடுத்த காசோலை திரும்பிவந்து அதற்காக நடக்கும் வழக்கு குற்ற வழக்கு, சப்கோர்ட்டில் ஐ.பி. இருக்கிறது என்பதற்காக அது தானாக நின்றுவிடாது. கடன் கொடுத்தவர்கள் வழக்கமாகப் பிடிக்கும் அடுத்த கயிறு அதுதான்.

கூலி பாக்கியைச் சட்டம் மறக்கவில்லை. சொத்தை விற்று வரும் பணத்தில் அரசுப் பாக்கியோடு சேர்த்து முதலிடம் கொடுக்கிறது. எவ்வளவுக்கு? ஓர் ஆளுக்கு 20 ரூபாய் வரை. 1920இல் அது கணிசமான கூலியாக இருந்திருக்கலாம். இன்று அந்த முதலிடத்தை வைத்துக்கொண்டு ஒரு நேரச் சாப்பாடு வாங்க முடியாது. மீதிக் கூலிக்குத் தறி ஆள் மற்றவர்களோடு வரிசையில்தான் நிற்க வேண்டும். இதற்கு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. விசைத்தறித் தொழிலில் ஆட்களுக்கு முன்பணம் கொடுத்துத்தான் வேலைக்கு வைப்பார்கள். அந்த முன்பணம் தறிக்காரருக்கு வரவேண்டிய சொத்து. ரிசீவர் நினைத்தால் அதை ஆட்களிடம் வசூலிக்கக் கிளம்பலாம்.

மச்சானிடம் வாங்கிய கைமாற்றை மட்டும் மனுப் போடுவதற்கு முந்தின வாரம் திருப்பிக் கொடுத்திருந்தால்? மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்ததை நீதிமன்றம் ரத்து செய்யலாம். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் மனைவி பேருக்கு எழுதிவைத்த தானமும் இப்படித் திரும்பி வரலாம். ஊரில் ஐ.பி.க்கு 'ஏற்பாடு' செய்வது என்று சொல்கிறார்களே, அதில் பாதி இந்த இரண்டு பிரிவுகளில் மாட்டும்.

இத்தனைக்கும் நடுவே அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது ஜாமீன்தாரரின் கதை. விடுவிப்பு உத்தரவு கடனாளியை மட்டுமே விடுவிக்கும். அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவரையோ ஜாமீன் நின்றவரையோ விடுவிக்காது. 44ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. தமிழ்நாட்டுக் கடன் பழக்கத்தில் அந்த வாக்கியத்துக்கு இருக்கும் கனம் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சீட்டு எடுக்கும்போது அரசு ஊழியர் ஒருவரின் ஜாமீன் கேட்பார்கள். பள்ளிக்கூட ஆசிரியராக இருக்கும் பெரியப்பா மகன் கையெழுத்துப் போடுகிறார். தறிக்காரர் ஐ.பி. கொடுத்ததும் சீட்டுக் கம்பெனி அவரை விட்டுவிட்டு நேரே ஆசிரியரின் சம்பளத்துக்குப் போகிறது. மகளிர் குழுக் கடனில் ஐந்து பேர், பத்துப் பேர் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றிருப்பார்கள். ஒருத்தி நொடித்தால் அந்தச் சுமை மற்றவர்கள் தலையில் ஏறுகிறது. கல்விக் கடனில் மகளும் அப்பாவும் சேர்ந்து கடனாளிகள். அப்பா விடுவிப்புப் பெற்றால், படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் மகள் முழுக் கடனுக்கும் தனியாக நிற்பாள். இப்படிக் கடன் தீர்வதில்லை, ஆள் மாறிவிடுகிறது. நம்மிடம் ஐ.பி.க்கு இருக்கும் அவப்பெயரில் பெரும்பங்கு, கடன் கொடுத்தவர்கள் இழந்ததைவிடக் கையெழுத்துப் போட்ட சொந்தக்காரர்கள் இழந்ததால் வந்தது என்பது என் அபிப்பிராயம்.

இனி விடுவிப்பு உத்தரவையே எடுத்துக்கொள்வோம். நொடித்தவர் என்று அறிவிக்கும்போதே, எவ்வளவு காலத்துக்குள் விடுவிப்பு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைக்கும். கேட்க வேண்டியவர் கடனாளி. கேட்டாலும் முழு விடுவிப்பை மறுக்கச் சட்டம் நீண்ட காரணப் பட்டியல் வைத்திருக்கிறது. சொத்தை விற்றால் ஈடில்லாத கடன்களில் ரூபாய்க்கு எட்டணாவாவது தேறாது, அதற்குத் தன் தவறல்லாத காரணத்தையும் அவர் காட்டவில்லை என்றால் மறுப்பு. மூன்று ஆண்டாகக் கணக்குப் புத்தகம் வைக்கவில்லை என்றால் மறுப்பு. சூதாட்டம், கண்மூடித்தனமான ஊக வியாபாரம், ஊதாரித்தனம், கட்ட முடியாது என்று தெரிந்தே வாங்கிய கடன், எல்லாவற்றுக்கும் மறுப்பு அல்லது நிபந்தனை. எட்டணா தேறும் நிலையில் இருப்பவர் பெரும்பாலும் ஐ.பி. கொடுக்கவே வரமாட்டார், ஆகவே தன் தவறில்லை என்று காட்டும் பாரம் நடைமுறையில் எல்லோர் மேலும் விழுகிறது. நூல் விலை ஏற்றம், மின்வெட்டு, ஆர்டர் ரத்து என்று அவர் சொல்ல வேண்டும், காகிதத்தோடு சொல்ல வேண்டும்.

கெடுவுக்குள் கேட்கவே இல்லையென்றால்? 43ஆம் பிரிவின்படி நொடிப்பு அறிவிப்பே ரத்தாகும். அந்த நிலையில் கடன்கள் உயிரோடு திரும்பி வருகின்றன. இங்கே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. புரோநோட்டுக்கு மூன்று ஆண்டுக் காலவரையறை என்பது ஊரறிந்தது. இழுத்தடித்தால் காலாவதியாகிவிடும் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. ஆனால் 78ஆம் பிரிவு, அறிவிப்பு முதல் ரத்து வரையிலான காலத்தைக் காலவரையறைக் கணக்கிலிருந்து கழித்துவிடச் சொல்கிறது. ஐந்து ஆண்டு ஐ.பி.யில் கிடந்த புரோநோட்டு, ரத்துக்குப் பின் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும்.

ரத்தும் ஆகாமல் விடுவிப்பும் பெறாமல் இடையில் நிற்பவரின் நிலை இன்னும் விசித்திரமானது. அவர் சம்பாதித்துச் சேர்ப்பதும் ரிசீவருக்கே போகும். சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிட முடியாது. அரசியல் சாசனத்தின் 191, 102ஆம் பிரிவுகள் தடுக்கின்றன. தான் விடுவிப்புப் பெறாத நொடித்தவர் என்பதைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. டீக்கடையில் ஒரு வாரக் கணக்கு வைத்தாலே அந்த வரம்பு தாண்டிவிடும்.

இந்தப் பழைய இரண்டு சட்டங்களையும் நீக்கிப் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவருவதாக 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு சொன்னது. அதன் மூன்றாம் பாகம் தனிநபர்களுக்கானது. பல வகையில் அது மேலானது. விடுவிப்புக்கு விண்ணப்பிக்கும் கடமை கடனாளியிடமிருந்து திவால் பொறுப்பாளருக்கு மாறுகிறது. திவால் தொடங்கி ஓராண்டு முடிந்ததும் அவரே கேட்க வேண்டும். ஏழைகளுக்கென்று 'புதிய தொடக்கம்' என்றொரு எளிய வழியும் இருக்கிறது: ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள் இருந்து, சொந்த வீடும் இல்லாதவர்கள் கடன் தள்ளுபடி கேட்கலாம். எழுதியபோதே இறுக்கமாக இருந்த தொகைகள் இவை. குழுக் கடன் ஒன்றே 35,000த்தைத் தாண்டிவிடுகிற ஊரில் இந்த வாசலுக்குள் நுழையக்கூடியவர்கள் மிகக் குறைவு. அந்த வாசலும் இன்னும் திறக்கப்படவில்லை.

தீராத கடன்களின் பட்டியலைப் புதிய சட்டம் மாற்றி எழுதியது. நீதிமன்றம் விதித்த அபராதம், கவனக்குறைவுக்கும் ஒப்பந்த மீறலுக்கும் உரிய இழப்பீடு, எந்தச் சட்டத்தின் கீழ் வந்த ஜீவனாம்சமானாலும் அது, மோசடிக் கடன், இவற்றோடு கல்விக் கடன். ஜீவனாம்சத்தை விரித்தது நியாயம். பழைய சட்டம் ஒரே ஒரு பிரிவின் கீழ் வந்த உத்தரவை மட்டும் காப்பாற்றிற்று. கல்விக் கடனைச் சேர்த்ததற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிப் படிப்படியாக இறுக்கிய கட்டு அது: முதலில் ஐந்து ஆண்டு, பிறகு ஏழு, 1998இல் காலவரம்பே இல்லாமல். டாக்டராகவும் வக்கீலாகவும் படித்து முடித்த கையோடு திவால் கேட்டுவிடுவார்கள் என்ற பயம் அங்கே காரணமாகச் சொல்லப்பட்டது. இங்கே ஈடில்லாமல் கொடுக்கப்படும் கடனில் பொறியியல் படித்து, பட்டத்துக்குப் பொருந்தாத சம்பளத்தில் வேலை பார்க்கும் பிள்ளையை அந்தப் பயத்தோடு எப்படிப் பொருத்துவது? சூதாடி வாங்கிய கார்டு கடன் தீரும், படிக்க வாங்கியது தீராது என்றாகிறது.

ஆனால் இந்த மூன்றாம் பாகம் 2019 டிசம்பர் 1 முதல் ஒரே ஒரு வகையினருக்குத்தான் நடைமுறைக்கு வந்தது: கம்பெனிகளின் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு. 2021இல் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதி அமலாக்கம் செல்லும் என்றது. 2023இல் திலீப் ஜிவ்ராஜ்கா வழக்கில் அதன் நடைமுறையையும் ஏற்றது. ஆகவே பள்ளிபாளையத்தில் ஒரே தெருவில் இரண்டு பேர் நொடிக்கலாம். ஒருவர் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்தி அதன் கடனுக்கு ஜாமீன் போட்டவர். அவர் வழக்கு சென்னையில் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும், திவால் வரை சென்றால் ஓராண்டு முடிந்ததும் விடுவிப்பைப் பொறுப்பாளர் கேட்பார், மகளின் கல்விக் கடன் மட்டும் கூடவே வரும். மற்றவர் தன் சொந்தப் பேரில் எட்டுத் தறி ஓட்டியவர். அவருக்கு சப்கோர்ட், 1920ஆம் ஆண்டுச் சட்டம், எட்டணாக் கணக்கு. விடுவிப்பை அவரே கேட்டு வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் கல்விக் கடனில் அவர் பங்கும் தீர்ந்துவிடும்.